புலிடோ பூட்டுப் போட்ட பல்கலைக்கழகம்

எலியேசர் புலிடோ என்ற பெயரின் முன்பாதியில் எலியும் பின்பாதியில் புலியும் இருக்கிற விஷயம் எலியேசர் புலிடோவுக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் தப்பித்தார். கடையில் அவர் பின்பாதி. வீட்டில் முன்பாதி.

கடை என்றால் பூட்டுக்கடை. டுயிட்டாமா என்கிற மலையூரில் சந்தைக்குத் திரும்பும் முனையில், முப்பது வருஷமாகப் பூட்டு விற்கிறார், பூட்டு மாட்டுகிறார், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்து கொடுக்கிறார். முப்பது வருஷம் ஒரே தொழில் செய்தால் கண் கெட்டுப்போகும். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதற்கு முன்னால் "இந்தப் பூட்டை யாரு மாட்டினா" என்று கேட்பார். உலகத்தில் இரண்டே வகைதான் அவருக்கு: பூட்டினது, பூட்டாதது.

அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் மரிசோலுக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று டுன்ஹாவில். பஸ்ஸில் ஒரு மணி நேரம். டுயிட்டாமாவே குளிர், அது அதைவிடக் குளிர். இரண்டாவது பொகோட்டாவில். நாலு மணி நேரம். நாள் முழுக்கத் தூறல். மூன்றாவது சான்டா மார்ட்டாவில், கடற்கரை மேல், இருபது மணி நேரத்துக்கு அப்பால், முப்பத்திநாலு டிகிரி வெயிலில். மரிசோல் படிக்க ஆசைப்பட்டது கடல் உயிரியல். அது மூன்றாவதில்தான் இருந்தது.

எலியேசர் பழைய காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். பாதுகாப்பு, தட்பவெப்பம், கும்மாளம் என்று மூன்று தலைப்பு. பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து பேசுவது, பாடுவது, ஆடுவது, கடற்கரையில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்பது எல்லாம் அந்தக் கடைசித் தலைப்பில் அடக்கம். கும்மாளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு மதிப்பெண். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் காலண்டரைச் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு விளக்கம் கொடுத்தார்.

"குளிருன்னா மனுஷன் கதவைச் சாத்துவான். சாத்தினா வீட்டுல இருப்பான். வீட்டுல இருந்தா படிப்பான். வெயில்னா என்ன ஆகும்? கதவைத் திறந்து போடுவான். திறந்து போட்டா பாட்டுச் சத்தம் கேக்கும். பாட்டு கேட்டா கால் ஆடும். கால் ஆடினா படிப்பு ஆடும்."

"கடல்ல இருக்கற மீனுக்கெல்லாம் கதவே கிடையாதுப்பா" என்றாள் மரிசோல்.

"அதனாலதான் வலையில மாட்டுது."

மரிசோல் கரண்டியைக் கீழே வைத்தாள். பதினேழு வயசு, பிடிவாதத்தில் அப்பாவின் மகள், அதைச் சத்தமில்லாமல் செய்வதில் அம்மாவின் மகள். "சரி. அப்ப கடலை இங்க கொண்டு வாங்க. நான் இங்கயே படிக்கறேன்."

இதுவரை சும்மா இருந்த மனைவி ரொசால்பா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அந்த மலைப்பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் நீங்க, வாங்கதான். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ரொசால்பா வாயில் 'ஐயா' வந்துவிட்டால் எலியேசர் கடையை அரை மணி நேரம் கழித்துத்தான் அடைப்பார்.

"மரிசோல்னா என்ன ஐயா அர்த்தம்? கடலும் வெயிலும். பதிவு ஆபீசுக்குப் போய் அந்தப் பேரை எழுதிட்டு வந்தது நீங்கதானே?"

"பேருன்னு நினைச்சுத்தான் எழுதினேன். விலாசம்னு தெரியாது."

ஆனாலும் 'ஐயா' வந்துவிட்டது. இனி காலண்டரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று எலியேசருக்குப் புரிந்தது. இங்கேதான் அவர் தன் மகத்தான திட்டத்தை வெளியே எடுத்தார். வெயிலை விடுங்கள், கும்மாளத்தையும் விடுங்கள், பாதுகாப்பு ஒன்றை மட்டும் பார்ப்போம் என்றார். மூன்று இடத்துக்கும் தானே நேரில் போவதாகவும், எவரும் அழைக்காமல், எந்தச் சீட்டும் இல்லாமல் உள்ளே நுழையப் பார்ப்பதாகவும் சொன்னார். எந்த வாசலில் ஒரு காவலாளி தன்னைத் தடுத்து நிறுத்துகிறானோ அங்கே மகள் படிக்கலாம்.

"யாருமே நிறுத்தலைன்னா?" என்று கேட்டாள் ரொசால்பா.

"அப்ப எங்கயும் பாதுகாப்பில்லைன்னு அர்த்தம். இங்கயே இருந்து ஏதாவது படிக்கட்டும்."

"நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டா, அது நெருப்புக்குழியா இருந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் புலி தெரிந்தது. முப்பது வருஷத்தில் அவரைத் தடுத்து நிறுத்தின வாசல் கிடையாது. கையில் கருவிப் பெட்டியோடு "பூட்டு ரிப்பேர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வங்கிக்காரனே எழுந்து வழிவிடுவான். மூன்று இடமும் தோற்கும், பெண் வீட்டில் இருப்பாள் என்று நிச்சயமாக நம்பினார். அவருக்கு வேண்டியதும் அதுதான். சாயங்காலம் ஆனால் மரிசோல் கடைக்கு வந்து, சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து படிப்பாள். அந்த இரைச்சலில் எப்படிப் படிக்கிறாளோ, படிப்பாள். அந்த முக்காலி காலியாக இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காலண்டரிலும் அதற்குக் கட்டம் போடவில்லை.

ரொசால்பா காலண்டரை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, நல்ல யோசனைதான், ஆனால் பிற்பாடு நீங்களும் மாறக்கூடாது, நாங்களும் மாறக்கூடாது, அதனால் எழுத்தில் வைத்துவிடுவோம் என்றாள்.

ரொசால்பாவுக்கு நோட்டரி அலுவலகத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர்க்காரர்களின் சம்மதங்களையும் சத்தியங்களையும் டைப் அடித்து முத்திரை குத்துவாள். திங்கட்கிழமை காலையில் எலியேசர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அங்கே போனார். காகிதம் தயாராக இருந்தது. "படிச்சுக் காட்டட்டுமா?" என்று ரொசால்பா கேட்டாள். இரண்டாம் தடவையும் கேட்டாள். அலுவலகத்தில் எட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். நோட்டரியும் அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் எலியேசருக்குள் ஒரு பெருந்தன்மை பொங்கியது. "என் பெண்டாட்டி அடிச்ச காகிதத்தை நான் படிச்சுப் பாக்கணுமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லி, பெரிய கையெழுத்தாகப் போட்டு, விரல் ரேகையும் வைத்தார். வரிசையில் நின்ற ஒரு கிழவர் தொப்பியை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை டுன்ஹா. வாசலில் காவலாளி ஒருவர் போர்வைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். எலியேசர் பெட்டியைத் தூக்கிக் காட்டி "பூட்டு ரிப்பேர்" என்றார். காவலாளி, "ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கோம், இப்பத்தான் வந்தீங்களா" என்று கோபித்துக்கொண்டு உள்ளே அனுப்பினார். அலுவலகத்தில் உட்காரவைத்து, வெல்லப்பாகு கலந்த வெந்நீரும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார்கள். திரும்பி வந்து காலண்டரில் டுன்ஹாவை அடித்துவிட்டார்.

புதன்கிழமை பொகோட்டா. அங்கே பெட்டி போதாது என்று பக்கத்துக் கட்டட வேலைக்காரரிடம் ஒரு ஏணியை இரவல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஏணியோடு வருகிற மனிதனிடம் எவனும் எதுவும் கேட்கமாட்டான், ஒதுங்கத்தான் பார்ப்பான். பல்கலைக்கழகத்தின் மூன்று வாசலிலும் நுழைந்து நூலகத்தில் கால்மணி நேரம் நின்றுவிட்டு, தூறலில் நனைந்தபடி ஏணியைத் திருப்பிக் கொடுத்தார். பொகோட்டாவும் அடிபட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மரிசோல் எழுந்து உள்ளே போய்விட்டாள். ரொசால்பா மட்டும், வெறும் பெட்டியோடு போனால் கடற்கரைப் பக்கத்தில் நம்பமாட்டார்கள், சரக்கோடு போகிற வியாபாரி மாதிரிப் போங்கள் என்று ஆலோசனை சொன்னாள். அவருக்கு அது பிரமாதமாகப் பட்டது. பையை அவளே கட்டினாள். தூக்கினபோது தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பஸ்ஸில் ஏசியைப் பனிக்கட்டி மாதிரி வைப்பார்கள் என்று அவருடைய கனமான கம்பளி ருவானாவையும் தலைவழியாக மாட்டிவிட்டாள். அதில் அவள் பொய் சொல்லவில்லை. இருபது மணி நேரமும் எலியேசர் அந்தக் கம்பளிக்குள் கோழிக்குஞ்சு மாதிரிச் சுருண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்டா மார்ட்டா பல்கலைக்கழக வாசலில் இறங்கினபோது, அந்த வட்டாரத்திலேயே ருவானா போட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான். எதிரே போன ஒரு நாய்கூட நின்று பார்த்தது. கழற்றலாம் என்றால் ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பை. பையைக் கீழே வைத்தால் மறுபடி தூக்க முடியாது. தலையை நிமிர்த்திக்கொண்டு நேராக நடந்தார்.

"எங்க சாவி, கம்பளியைப் போத்திக்கிட்டுக் கிளம்பிட்ட?"

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி கேட்டான். சட்டையில் உபால்டோ என்று பேர் தைத்திருந்தது. எலியேசர் திடுக்கிட்டார். 'நீ' என்று கூப்பிட்டது ஒரு பக்கம். அதைவிட, தான் சாவிக்காரன் என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

"சாவியா? யாரு சொன்னது?"

"இங்க எல்லாரும் எனக்குச் சாவிதான். நேத்து வந்தவனும் சாவி, நீயும் சாவி. எங்க போகணும்?"

அந்தக் கரையில் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எலியேசர் மூச்சை விட்டார். "பூட்டு ரிப்பேர்" என்றார்.

"யாரு கூப்பிட்டாங்க?"

"ஆபீஸ்ல."

"எந்த ஆபீஸ்?"

முப்பது வருஷத்தில் அந்த மூன்றாவது கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. பெட்டியைத் தூக்கிக் காட்டினார், பிறகு கீழே வைத்தார். உபால்டோ எழுந்தான், அடையாள அட்டையை வாங்கினான், நோட்டில் எழுதினான்.

எலியேசர் அதிர்ச்சியிலிருந்து மீண்டு சட்டம் பேச ஆரம்பித்தார். "ஒண்ணு தெளிவாப் புரிஞ்சுக்கோங்க. நீங்க என்னை நிறுத்தலை. நானாத்தான் நின்னேன்."

"அப்படியா? நட பாப்போம்."

இரண்டடி நடந்தார். உபால்டோ அவர் தோளில் கையை வைத்தான்.

"இப்ப?"

"இப்ப... நிழலுக்காக நிக்கறேன்."

நிழல் உள்ளே நிறைய இருக்கிறது என்று சொல்லி உபால்டோ அவரைக் காவலறைக்குள் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வெளியே போய்க் கதவைச் சாத்தினான். எலியேசர் முதலில் ருவானாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு ரொசால்பாவுக்குப் போன் செய்தார். கிடைக்கவில்லை. மகளுக்குச் செய்தார். அதுவும் கிடைக்கவில்லை. பிறகு கதவைப் பார்த்தார். பார்த்ததும் அவர் மனசு தெளிந்தது. உள்ளேயிருந்து திறந்து வெளியே போய்விட்டால் தடுத்து நிறுத்தியதாக எப்படிச் சொல்ல முடியும்? சட்டைப்பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். பதினோரு நொடி. கதவு திறந்தது.

வெளியே உபால்டோ ஒரு சிநேகிதனோடு டோமினோ ஆடிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"அட, திறந்துட்டியா? அது ஆறு மாசமா உள்ளே இருந்து திறக்காது சாவி. மாட்டிக்கிட்டா ஜன்னல் வழியாத்தான் குதிப்போம்." பிறகு போனை எடுத்து யாரிடமோ, "எடெல்மிராம்மா, ஆளு கெட்டிக்காரர்தான், வாங்க" என்றான்.

எடெல்மிரா பெண்கள் விடுதியின் வார்டன். பெரிய உடம்பு, பெரிய கம்மல், கையில் ஒரு தட்டு. தட்டில் பொரித்த மீன், தேங்காய்ச் சோறு, தட்டையாக நசுக்கிப் பொரித்த வாழைக்காய். தப்பு செய்து மாட்டிக்கொண்டவனுக்கு இப்படிச் சாப்பாடு போடுகிற ஊரை எலியேசர் பார்த்ததில்லை. சாப்பிடமாட்டேன் என்று முதலில் சொன்னார். மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கும்போதுதான் தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எடெல்மிரா மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். விடுதியில் இருபத்துநாலு அறை இருக்கிறதாம். அதில் எத்தனை பூட்டு ஒழுங்காக இருக்கிறது என்று தனக்கே நிச்சயமில்லையாம். உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துப் போகிறதாம். வந்தது வந்தீர்கள், ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாமே.

"நான் ரிப்பேர்க்காரன் இல்லை. நான் ஒரு பெண்ணோட அப்பா" என்றார் எலியேசர் விறைப்பாக. "உங்க பல்கலைக்கழகத்துல என்ன குறைன்னு பாக்க வந்திருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். வந்து குறையைப் பாருங்க."

குறையைப் பார்ப்பதென்றால் சரி. குறிப்பெடுத்து, ஊருக்குப் போய், ரொசால்பா முன்னால் வைக்கலாம். எழுந்து போனார். முதல் அறைக் கதவில் கையை வைத்தார். பூட்டு கிழவியின் பல் மாதிரி ஆடியது. வெண்ணெய் தடவுகிற கத்தியால் திறக்கலாம். இரண்டாம் அறையில் பூட்டே கதவை நம்பித்தான் நின்றது. எலியேசர் நோயோடு இருக்கிற குழந்தையைப் பார்த்த டாக்டர் மாதிரி ஆகிவிட்டார். குறிப்பெடுக்கக் காகிதத்தைத் தேடிப் பைக்குள் கையை விட்டவர், அதற்குப் பதிலாக ஒரு புதுப் பூட்டை வெளியே எடுத்தார். ஒன்று மட்டும் மாற்றுவோம், மனசாட்சிக்காக, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்று மணிக்குள் பதினேழு அறை முடிந்திருந்தது.

நடுவில் பெண்கள் வகுப்பு முடிந்து வந்தார்கள். யாரோ ஒருத்தி ஸ்பீக்கரைப் போட்டாள். வராந்தாவில் நாலு பேர் ஆடினார்கள். காலண்டரில் அவர் எழுதின கும்மாளம் இதுதான் என்று எலியேசருக்குத் தெரிந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டு திருகாணியை முறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தான் தாளத்துக்கு முறுக்குவதைக் கண்டு நிறுத்தினார். கதவையெல்லாம் ஏன் திறந்தே போடுகிறீர்கள், இதற்கா பூட்டு மாட்டுகிறேன் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சிடுசிடுத்தார்.

"பூட்டு நாங்க இல்லாதப்ப, மாமா. நாங்க இருக்கறப்ப எங்களுக்கு நாங்களே காவல்" என்றாள் அவள். எதிரறைப் பெண்ணுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்தபோது மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். திறந்த கதவால்தான் அவள் முனகினது கேட்டதாம். எலியேசர் அடுத்த திருகாணியை எடுத்தார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசி அறை மேல்மாடி மூலையில் இருந்தது. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. கடல் காற்று முகத்தில் அடித்தது. நாள் முழுக்கத் திட்டின அந்த ஊரில் முதல்முறையாக அவருக்குச் சுகமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று கதவுப் பக்கம் திரும்பினார். கதவில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. புது அட்டை, பசைகூடச் சரியாகக் காயவில்லை.

மரிசோல் புலிடோ. முதலாம் ஆண்டு. கடல் உயிரியல்.

எலியேசர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார். பிறகு வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்தார். இதற்கு மட்டும் பூட்டுப் போடமாட்டேன் என்றார். கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் சத்தமாகவே சொன்னார். இருபத்துமூன்று அறைக்குப் போட்டது தர்மம். இருபத்துநாலாவதுக்குப் போட்டால் அது சம்மதம். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு பூட்டை ஒரு தரம் ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லாவற்றிலும் மோசமான பூட்டு அது. ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

பைக்குள் கையை விட்டார். ஒரே ஒரு பெட்டிதான் அடியில் மிச்சமிருந்தது, துண்டில் சுற்றி. பிரித்தார். அவர் கடையின் கண்ணாடி அலமாரியில் நாலு வருஷமாக இருக்கிற இரட்டைத் தாழ்ப் பூட்டு. யார் கேட்டாலும் விற்கமாட்டார். இது எப்படிப் பைக்குள் வந்தது என்று யோசித்தபடியே கதவை அளவெடுத்தார். மற்ற அறைகளுக்குப் பத்துப் பத்து நிமிஷம் எடுத்தவர் இதற்கு முக்கால் மணி நேரம் எடுத்தார். மரத்தைச் செதுக்கிச் சீராக்கி, எண்ணெய் விட்டு, இருபது தடவை பூட்டித் திறந்து பார்த்தார். கண் கொஞ்சம் கலங்கியது. உப்புக்காற்று.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. உபால்டோ சுருட்டின மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னால் மரிசோல், ஒரு பெட்டியோடு. அவளுக்குப் பின்னால் ரொசால்பா, மெல்லிய பூப்போட்ட சட்டையில், வெயிலுக்குத் தோதாக.

மரிசோல் அப்பாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அதிலிருந்த பூட்டை அடையாளம் கண்டுகொண்டாள். வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். எலியேசர் அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டே மனைவியிடம் திரும்பினார். இன்னும் தோற்கவில்லை என்கிற முகம்.

"என்னை நிறுத்தினதை நான் ஒத்துக்கலை. பதினோரு நொடியில வெளிய வந்துட்டேன். உபால்டோவைக் கேளுங்க."

"சரி."

"அதனால அந்தக் காகிதம் செல்லாது."

"எந்தக் காகிதம்?" ரொசால்பா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "இதுவா?"

கையெழுத்துப் போட்ட நாலாம் நாள் எலியேசர் அதை முதல்முறையாகப் படித்தார். எலியேசர் புலிடோ ஆகிய நான், என் மகள் மரிசோல் சான்டா மார்ட்டாவில் கடல் உயிரியல் படிப்பதற்கு முழுமனதோடு சம்மதிக்கிறேன். கீழே அவருடைய பெரிய கையெழுத்து, ரேகை, நீல முத்திரை. காவலாளியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வாசலைப் பற்றியும் இல்லை.

"ரெண்டு தடவை கேட்டேன், படிச்சுக் காட்டட்டுமான்னு" என்றாள் ரொசால்பா. "நோட்டரியே சாட்சி."

"இதை எப்ப இங்க அனுப்பினீங்க?"

"திங்கக்கிழமை மத்தியானம். சாயங்காலமே சேத்துக்கிட்டோம்னு பதில் வந்திடுச்சு."

"திங்கக்கிழமை நான் டுன்ஹாவுக்கே கிளம்பலையே."

"இல்ல."

"அப்ப டுன்ஹா? பொகோட்டாவுல ஏணி?"

"அதெல்லாம் நீங்களாப் போனது. நான் அனுப்பலை."

எலியேசர் காகிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். புலி கடைசியாக ஒரு தரம் எழுந்து நின்றது.

"இங்க அனுப்பினது நீங்கதானே? பையைக் கட்டினது, கம்பளியைப் போத்திவிட்டது எல்லாம் நீங்கதானே? திங்கக்கிழமையே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னா, இருபது மணி நேரம் பஸ்ஸுல என்னை எதுக்கு அனுப்பினீங்க?"

ரொசால்பா புதுப் பூட்டில் சாவியைப் போட்டு ஒரு தடவை பூட்டினாள், திறந்தாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அப்புறம்தான் பதில் சொன்னாள்.

"பூட்டெல்லாம் சரியில்லைன்னு வார்டனம்மா போன்ல சொன்னாங்க."